பழுது பார்க்கும் முன் படியெடுங்கள்!

மடிக்கணினி ஒரேயடியாக நின்றுவிட்டால் பழுது நீக்குபவரைத் தேடி உடனே செல்கிறோம். விட்டுவிட்டு இயங்கினால் அவ்வாறு செய்வதில்லை. காலையில் திறக்க மறுத்த கணினி மாலையில் திறந்துகொண்டால், சரியாகிவிட்டது என்று வேலையைத் தொடர்கிறோம். அந்த நிம்மதியே ஆபத்தானது என்பதை நான் பட்டறிந்தேன்.

உத்தரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் ஓய்வுக்காலத்தைக் கழித்துவரும் நான், சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரட்டிய வேளாண் கூலி, குத்தகை, ஏரிப்பாசனத் தரவுகளைக் கணினியில் சேமித்து வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கோப்பு திறக்கப் பல நிமிடங்கள் ஆயின. உள்ளிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை வந்தது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கியதும் ஒழுங்காக ஓடியது. மூன்று நாள்கள் அப்படியே கடந்தன. நான்காம் நாள், பிழைகளைச் சரிசெய்யும் வசதியை இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடிந்தபோது சில கோப்புறைகள் திறக்கவே இல்லை.

எங்கே தவறினேன்? வன்தட்டு எனப்படும் ஹார்டு டிஸ்க்கின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும். வன்தட்டு உள்ள பெரும்பாலான மடிக்கணினிகளில் அத்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை தகவலைப் படிக்கிறது. தட்டின் ஓரிடம் வலுவிழந்தால், முனை அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. கணினி உறைந்ததுபோல் தோன்றுவது அப்போதுதான். கெட்ட இடங்களுக்கு மாற்றாக, உபரியாக ஒதுக்கப்பட்டுள்ள இடங்களை வன்தட்டு தானே பயன்படுத்திக்கொள்கிறது. நமக்கு எதுவும் தெரிவதில்லை.

பொருளியல் படித்தவனுக்கு இது பழகிய காட்சி. திரும்பி வராத கடனுக்குப் புதிய கடன் கொடுத்து, கணக்கேட்டில் அதை நல்ல கடனாகவே காட்டி வந்த வங்கிகளின் உண்மை நிலை, 2015-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய சொத்துத் தர மதிப்பாய்வில் அம்பலமானது. வன்தட்டுக்கும் அத்தகைய மதிப்பாய்வு உண்டு. 'ஸ்மார்ட்' எனப்படும் தற்சோதனைப் பதிவேடு அது; இலவச மென்பொருள்கள் மூலம் அதைப் பார்க்கலாம். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள் ஆகிய இரு எண்ணிக்கைகளும் உயர்ந்துகொண்டே போனால் தட்டு தேய்கிறது என்று பொருள். அவை பூஜ்யமாக இருந்து, தகவல் பரிமாற்றப் பிழை மட்டும் கூடினால், இணைப்புக் கம்பியைச் சந்தேகிக்கலாம். கழற்றிச் சரியாகப் பொருத்தினாலே தீர்ந்துவிடக்கூடும்.

ஆனால், பதிவேடு சுத்தமாக இருப்பது உத்தரவாதம் ஆகாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை இரண்டு உண்மைகளைச் சொன்னது. தட்டின் பரப்பில் முதல் பிழை தென்பட்ட வன்தட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதேவேளையில், செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அளவீடுகளிலும் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

எனவே, முதல் அறிகுறியிலேயே செய்ய வேண்டியது பழுது நீக்கம் அன்று, படியெடுத்தல். மீண்டும் உருவாக்க முடியாத கோப்புகளை முதலில் வேறொரு தட்டுக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் திறக்காவிட்டால், பென் டிரைவில் உள்ள லினக்ஸ் மூலம் கணினியை இயக்கிப் படியெடுக்கலாம். 'டிடிரெஸ்க்யூ' போன்ற கட்டற்ற மென்பொருள், எளிதில் படிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பிவரும். தட்டுவது, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் கூடாது. நான் செய்ததுபோல் நலிந்த தட்டை இரவெல்லாம் சோதிப்பதும் கூடாது. எஞ்சிய ஆயுளை அது தின்றுவிடும். ஓசை தொடர்ந்தால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பு வல்லுநரை நாடுவதே நல்லது. அசையும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி, ஓசையின்றியே நின்றுபோகக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ கிராமத்து வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. பேட்டரி செத்துப்போன பழைய கணினிகள் மின்தடையின்போது சட்டென அணைகின்றன. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிதைய அதுவே போதும். பட்டப்படிப்புத் திட்ட அறிக்கையும், மறைந்த பாட்டியின் ஒரே ஒளிப்படமும் அங்கேதான் இருக்கின்றன. புதிய வன்தட்டின் விலை சில ஆயிரம் ரூபாய். அதில் இருந்ததற்குச் சந்தையில் விலை கிடையாது.

எங்கள் ஊர்க் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலத்தில் கொடை ஆணைகளைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிவைக்கச் சொல்வது வழக்கம். கல்லின் உறுதியை அறிந்தவர்களே இன்னொரு படியும் வேண்டும் என்று கருதினார்கள்.

கையெழுத்துக் குறிப்பேடு இருக்கும் ஆண்டுகளின் தரவுகளை இப்போது மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். நேரடியாகக் கணினியில் பதிந்த ஆண்டுகள் போய்விட்டன. அன்று எனக்குக் கூலிக் கணக்குச் சொன்ன முதியவர்களில் பலர் இன்று இல்லை. மறுபடியும் போய்க் கேட்க முடியாது.