கார்டு ஒண்ணு... வாசல் ரெண்டு!

'உடம்புக்கு முடியலைன்னா ஜி.ஹெச்.சா, பிரைவேட்டா?' காஞ்சிபுரத்துல எந்த காலேஜ் கேன்டீன்லயும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு கோஷ்டி ரெடி! ஆனா, கேள்வியே கொஞ்சம் பழசு பாஸ். அரசாங்கக் காசுலயே பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கிற வழி நம்ம ஊருக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012 ஜனவரியில் அந்த இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்ததும், வரம்பு வருஷத்துக்கு 5 லட்சமானது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கார்டு உண்டு. பட்டு நெசவாளர் குடும்பங்கள் பலவற்றின் பீரோவில் அந்தக் கார்டு இருக்கும்.

'இது சூப்பர் விஷயம்'ங்கிறது முதல் கோஷ்டி. பணக்காரர் படுக்கிற கட்டிலில் தறிக்காரரும் படுக்கலாம். கந்துவட்டி இல்லை, நகை அடகு இல்லை. 'அந்தப் பணத்தை ஜி.ஹெச்.சுக்கே கொடுத்தா இன்னும் நாலு டாக்டர், ஒரு ஸ்கேன் மெஷின் வந்திருக்குமே'ங்கிறது ரெண்டாவது கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதிலும் நியாயம் இருக்கு.

பலருக்குத் தெரியாத மேட்டர் ஒண்ணு... இந்தக் கார்டு ஜி.ஹெச்.சிலும் செல்லும்! அங்கே காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தால், அதற்கான தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே போகும். கருவி வாங்க, வார்டைச் சீர்படுத்த, ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்க அது உதவும். அதாவது, கார்டோடு ஒருத்தர் ஜி.ஹெச்.சைத் தாண்டிப் போனா, அந்த வருமானமும் கூடவே தாண்டிப் போயிடுது.

பிரைவேட்னாலே லாபக்கடைன்னும் முத்திரை குத்த முடியாது. நம்ம ஊர்க்காரர் அண்ணா புற்றுநோயோடு போராடி 1969 பிப்ரவரி 3-ம் தேதி மறைந்தது, அடையாறு புற்றுநோய் மையத்தில். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் தொடங்கிய தொண்டு நிறுவனம். அதே 1969-ல் அண்ணா பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உருவான புற்றுநோய் மருத்துவமனையோ அரசாங்கத்தோடது. ஏழை நோயாளிக்கு ரெண்டும் வேணும்.

அப்போ சிக்கல் எங்கே? குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்றவருக்கு வர்றது இடுப்புவலி, முட்டிவலி, கண் எரிச்சல். இதுக்கெல்லாம் அட்மிட் ஆக மாட்டாங்க. மாத்திரை, பரிசோதனைன்னு அலைவாங்க. காப்பீட்டுக் கார்டு பெரும்பாலும் ஆபரேஷன், உள்நோயாளி சிகிச்சைக்குத்தான். 2005-ல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்காக ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி மூலம் கொண்டுவந்த திட்டத்தில் வருஷத்துக்கு 15,000 ரூபாய்தான். ஆனா, அதில் பாதி, 7,500 வரை, புறநோயாளிச் செலவுக்கு இருந்தது. அந்தத் திட்டம் இப்போ இல்லை. தொகை பெருசாச்சு... தினசரி வலிக்கான பங்கு காணாமப் போச்சு!

அந்த வலிக்குக் காசு கேட்காத இடம் ஜி.ஹெச்.சும் ஆரம்ப சுகாதார நிலையமும்தான். அங்கே காலையில க்யூவில் நின்னா பாதி நாள் போயிடும். தறி ஓடாத அந்தப் பாதி நாளுக்குக் கூலி கிடையாது. அந்த நஷ்டத்தை எந்தக் கார்டும் தர்றதில்லை. சாயங்காலமும் புறநோயாளிப் பிரிவு நல்லா நடந்தா, பாதிப் பேர் பிரைவேட் கிளினிக் படியே ஏற மாட்டாங்க.

அதனால ஃப்ரெண்ட்ஸ், 'எது ஒசத்தி?'ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, வீட்டுல கார்டு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு நடை. அடுத்த தடவை யாராவது அட்மிட் ஆனா, ஜி.ஹெச்.சிலேயே கேளுங்க: 'காப்பீட்டுத் திட்ட கவுண்டர் எங்கே இருக்கு?'