மூடிய கணினி உறங்கியதா?



வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்றால், தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் ஒன்றில் பயிற்சிக்குச் செல்லும் என் பேரன், ஒருநாள் காலை தன் பையைத் திறந்து திகைத்து நின்றான். உள்ளேயிருந்த மடிக்கணினி இஸ்திரிப் பெட்டிபோல் சுட்டது. பேட்டரியோ முற்றிலும் தீர்ந்துவிட்டது. “இரவு மூடித்தானே வைத்தேன், தாத்தா!” என்றான். அன்று ஒப்படைக்க வேண்டிய அறிக்கையில், சேமிக்காமல் விட்ட பக்கங்கள் அழிந்துபோயின. அவன் கணினியைப் பழித்தான். நான் அதில் இருந்த லினக்ஸைப் பழித்தேன். இருவர் கூற்றும் பிழை என்பது பின்னரே விளங்கிற்று.

கணினியின் பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். இயக்க முறைமையின் கருவாக நின்று வன்பொருளை ஆளும் நிரல் கெர்னல். மின்சாரத்தை எப்போது, எப்பகுதிக்கு நிறுத்துவது என்பதை இவ்விரண்டும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். 1992-இல் வந்த ஏ.பி.எம். என்னும் முறையில் ஃபர்ம்வேரின் கையே ஓங்கியிருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. விதிகள் அதிகாரத்தைக் கெர்னலிடம் மாற்றின. ஃபர்ம்வேர் சில அட்டவணைகளைத் தருகிறது. அவற்றுள் சிறு நிரல்களும் உண்டு. கெர்னல் அவற்றைப் படித்து, அவை சொன்னபடி செய்கிறது.

இங்கேதான் வேடிக்கை. “நீ எந்த இயக்க முறைமை?” என்று அந்நிரல்கள் கேட்பதுண்டு. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் விண்டோஸைக் கொண்டே சோதித்தனர். ஆகவே “லினக்ஸ்” என்று உண்மையைச் சொன்னால், சோதிக்கப்படாத வழியில் கணினி இடறும். இதனால் 2007-இல் வந்த 2.6.23 பதிப்பு முதல், லினக்ஸ் கெர்னல் தன் பெயரைக் கேட்டால் “இல்லை” என்றும், விண்டோஸின் பெயரைக் கேட்டால் “ஆம்” என்றும் விடை தருகிறது. ஆசிரியனாக இருந்த எனக்கு இந்த ஆள்மாறாட்டம் முதலில் பிடிக்கவில்லை. காரணத்தை அறிந்தபின் மன்னித்துவிட்டேன்.

உறக்கத்திலும் இரு வகை உண்டு. பழைய வகையான எஸ்-3-இல் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் செல்லும், ஏனையவை அணைந்துவிடும். புதிய வகையில் கணினி விழித்த நிலையிலேயே ஆழ்ந்து ஓய்வெடுக்கும். வீட்டில் ஒரு குழந்தை அழுதால் எவருக்கும் தூக்கமில்லை அல்லவா? அதுபோல ஒரே ஒரு கருவி அடங்க மறுத்தால் போதும், செயலி ஆழ்ந்த ஓய்வுக்குப் போகாது. மூடி மூடியிருக்கும், பை சுடும்.

இணையத்தில் எவரோ சொன்னதை நம்பி, ஏ.சி.பி.ஐ.யையே முழுவதும் அணைத்துவிடலாம் என்றான் பேரன். அது தலைவலிக்குத் தலையை வெட்டுவதாகும். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது என்று இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டோம். அந்தக் கணினியில் விண்டோஸும் இருந்தது. அதில் மூடி வைத்தபோது இயந்திரம் குளிர்ந்தே இருந்தது. ஆகவே கருவி பழுதன்று. அடுத்து லினக்ஸில் ‘மெம்-ஸ்லீப்’ என்ற சிறு கோப்பைத் திறந்தோம். அதில் புதிய வகை ஒன்று மட்டுமே இருந்தது. எஸ்-3-ஐக் குறிக்கும் ‘டீப்’ என்ற சொல்லே காணப்படவில்லை. ஃபர்ம்வேர் தராத ஒன்றைக் கெர்னலிடம் கட்டளையிட்டுப் பெற இயலாது.

பின்னர் கணினியைத் தொடங்கும்போதே ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்றோம். சில மடிக்கணினிகளில் உள்ளதுபோல, உறக்கத்துக்கு ‘விண்டோஸ்’, ‘லினக்ஸ்’ என இரு தெரிவுகள் அங்கே இருந்தன. இரண்டாவதைத் தெரிந்தெடுத்ததும் கோப்பில் ‘டீப்’ தோன்றிற்று. எல்லாக் கணினிகளிலும் இத்தெரிவு இராது. இல்லாத இடத்தில், அடங்காத கருவி எதுவென்று கெர்னலின் பதிவேட்டில் தேடுவதும், ஃபர்ம்வேரின் புதிய பதிப்பு வந்துள்ளதா எனப் பார்ப்பதுமே வழி.

அன்றிரவு பேட்டரி 80 விழுக்காடு இருந்தது. கோப்புகளையெல்லாம் சேமித்தபின் கணினியை மூடி, இம்முறை பையில் வைக்காமல் மேசைமீது வைத்தோம். காலையில் 77. வைஃபை மட்டும் கண் விழிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்கான காரணத்தைப் பேரன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.