வாயில் வந்தால்தான் கையில் வரும்

பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். "இன்னும் ஒரு பாட்டுகூட ஆரம்பிக்கலையே, வெறும் சரளி வரிசையைத்தானே பாடச் சொல்றார்" என்று பெற்றோருக்கு மனக்குறை எழும். வாத்தியம் படிக்க வந்த குழந்தையை ஆசிரியர் ஏன் பாட வைக்கிறார்?

காதுதான் வழிகாட்டி

கர்நாடக இசையில் வாத்தியம் குரலைப் பின்பற்றிச் செல்வது. தோடி ராகத்தின் காந்தாரத்தை நோட்டில் 'க' என்று மட்டுமே எழுத முடியும். அது எப்படி அசைய வேண்டும் என்பதை ஆசிரியர் பாடிக் காட்ட, மாணவர் திருப்பிப் பாடித்தான் பிடிக்க வேண்டும். வயலினில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் மெட்டுகளும் கிடையாது. விரல் ஒரு நூலளவு தள்ளி விழுந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும். பிசகியதைச் சொல்வது காதுதான். வீணையில் 24 மெட்டுகள் இருந்தாலும், தந்தியை எவ்வளவு இழுத்தால் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) பேசும் என்பதைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

மிருதங்க வகுப்பிலும் இதே கதைதான். 'த தி தொம் நம்' என்பதைத் தாளம் போட்டுக்கொண்டே வாயால் சொல்லிப் பழகுகிறார்கள். சொல் தடுமாறும் இடத்தில் கையும் தடுமாறும்.

ஏன் மாயாமாளவகௌளை?

சரளி வரிசை போன்ற ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. வயலின் ஆசிரியர்களுக்கு இது பெரிய வசதி. ச-ரி-க-ம இடைவெளியும் ப-த-நி-ச இடைவெளியும் ஒன்றே. ஷட்ஜத் தந்தியில் முதல் விரல் ரிஷபம், சற்று விரித்து இரண்டாம் விரல் காந்தாரம், அதை ஒட்டினாற்போல் மூன்றாம் விரல் மத்யமம். பக்கத்திலுள்ள பஞ்சமத் தந்திக்கு மாறினால் அதே கை அமைப்பில் தைவதம், நிஷாதம், மேல் ஷட்ஜம் கிடைத்துவிடும். ஒரே அமைப்பை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வாசித்துத் தேறும்போது விரல், வில், தாளம் மூன்றும் சேர்ந்து படிகின்றன. பெற்றோர் வீண் என்று நினைக்கும் அந்த மாதங்களில்தான் அஸ்திவாரம் விழுகிறது.

ஜப்பானில் பிறந்த முறை

ஷினிச்சி சுசூகி (1898–1998) என்ற வயலின் ஆசிரியர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாட்சுமோட்டோ நகரில் ஒரு பயிற்சி முறையை வளர்த்தெடுத்தார். எழுத்துப் படிக்கும் முன்பே குழந்தை தாய்மொழியைக் கேட்டுப் பேசிவிடுகிறது. இசையும் அப்படியே வரட்டும் என்பது அவர் கொள்கை. வாசிக்கப்போகும் பாட்டைக் குழந்தை வீட்டில் ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்கும். பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து கற்பார்கள். இசைக்குறிப்பு வாசிப்பது பிறகுதான். குருவின் அருகிலிருந்து கேட்டே கற்ற நம் குருகுலத்துக்கு இது அந்நியமல்ல.

கிரேடு தேர்வுகள்

கீபோர்டு, கிடார் வகுப்புகளில் பெரும்பாலும் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். போன்ற லண்டன் அமைப்புகளின் பாடத்திட்டம்தான். எட்டு கிரேடு வரை படிப்படியான இலக்கு உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரிந்தவருக்கு ஆர்க்கெஸ்ட்ராவிலும் திரையிசை ஒலிப்பதிவிலும் இடம் கிடைக்கும். ஆனால் தேர்வுக்கான சில உருப்படிகளை மட்டும் வருடம் முழுக்க உருப்போட வைத்தால், சான்றிதழ் கைக்கு வரும். கேட்ட மெட்டைத் தானாக வாசிக்கும் திறன் வராது.

ஆசிரியரைத் தேடும்போது

எந்த முறை சிறந்தது என்பதைவிட, அந்த ஆசிரியர் பிள்ளையின் காதை வளர்க்கிறாரா என்பதே முக்கியம். முடிந்தால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்ருதி சேர்ப்பதை அவசரமில்லாமல் கற்றுத்தருகிறாரா? தவறு வந்த இடத்தில் நிறுத்தி, தானே பாடியோ வாசித்தோ காட்டுகிறாரா? வீட்டில் எதை, எப்படிச் சாதகம் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறாரா? இவற்றுக்கு ஆம் என்றால், முதல் பாட்டு சற்றுத் தாமதமாக வரட்டும். அதுவரை வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் நல்ல கச்சேரி ஒலிக்கட்டும். ஆசிரியர் பாதி வழி வந்தால், மீதி வழி வீடு வர வேண்டும்.