இருவர் அமரும் தறி

பவானியில் அகலமான ஜமக்காளம் நெய்கையில் ஒரே குழித்தறியில் இருவர் பக்கம் பக்கமாக அமர்கின்றனர். ஒருவர் தள்ளிவிடும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப, ஊடை நூல் பாவின் முழு அகலத்தையும் கடந்து படிகிறது. ஒருவர் கை தளர்ந்தால் அடுத்தவர் வேலையும் அக்கணமே நின்றுபோகும். தனித்து முயலும்போது மனிதர் கூடுதலாக உழைக்கின்றனரா, துணையோடு முயலும்போதா என்று உளவியல் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்விக்கு இத்தறி நல்ல சான்று.

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் 1880-களில் ஆட்களின் இழுவிசையை அளந்து 1913-இல் வெளியிட்ட முடிவின்படி, தனியாள் வலுவை 100 எனக் கொண்டால், எட்டுப் பேர் கூடியபோது ஆளுக்கு 49 மட்டுமே தேறியது. ஒரே நேரத்தில் இழுக்கத் தவறுவது இதற்கு ஒரு காரணம். எனினும், 1974-இல் அமெரிக்காவில் நடந்த சோதனையில், கண் கட்டப்பட்டவர் பின்னால் பலர் இழுப்பதாக நம்பித் தனியே இழுத்தபோதும் முயற்சி குறைந்தது. தன் பங்கு கூட்டத்தில் கரைந்துவிடும் என்ற எண்ணத்தால் நேரும் இத்தளர்ச்சியைக் கூட்டுச் சோம்பல் எனலாம்.

இதற்கு நேர்மாறான விளைவை ஜெர்மானியரான ஓட்டோ கோலர் 1926-இல் எழுதினார். பெர்லின் படகோட்டிகள் இருவர் இருவராக ஒரே எடைக்கோலைத் திரும்பத் திரும்பத் தூக்கினர். ஒருவர் நிறுத்தினால் மற்றவரால் தொடர முடியாத அளவுக்கு எடை இருந்ததால், வலுக் குறைந்தவர் தனியே தாங்கியதைவிட நெடுநேரம் தாங்கினார். இருவரின் வலுவும் ஏறக்குறைய சமமாகவோ பெரிதும் வேறுபட்டோ இருந்தால் இந்த ஊக்கம் மங்கியது, நடுத்தர வேறுபாட்டில்தான் ஓங்கியது என்பதே ஆய்வின் மிக அரிய பகுதி. எனவே குழு என்பதாலேயே ஊக்கம் பிறப்பதில்லை. தான் விட்டால் எல்லாம் நிற்கும் என்ற அறிவே அதைப் பிறப்பிக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் நேரங்களை ஆராய்ந்தவர்களும், தொடர் நீச்சலில் பின்வரிசையில் நீந்தியோர் தம் தனிப்போட்டி வேகத்தை மிஞ்சியதைக் கண்டனர்.

பொங்கல் விளையாட்டுகளில் கயிறு இழுத்தல் அணியின் மொத்த வலுவை மட்டும் காட்டுவதால் யார் எவ்வளவு இழுத்தார் என்பது மறைந்துவிடுகிறது. கபடியிலோ பாடிச் செல்பவர் 30 நொடிகள் எதிரணிக் களத்தில் தனியே நிற்கிறார், அவர் தொட்டு வெளியேற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் வெளியே உட்கார்ந்திருக்கும் தம் அணித்தோழர் ஒருவர் களத்துக்குத் திரும்புகிறார்.