டெட்டாலுக்கு மசியாத கிருமி

மதுரையை அடுத்த பரவையில் ஒரு வீட்டில் அடைக்கலம் கொடுத்த பூனைக்குட்டிகள் வாந்தியும் கழிச்சலுமாக அடுத்தடுத்துச் செத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பான்லுக்கோபீனியா. பூனைகளின் பார்வோ வைரஸ் நோய். நாமோ டெட்டாலைத் தேடி ஓடுவோம். அதனால் பயனில்லை.

கொரோனா போன்றவை கொழுப்புப் படலம் போர்த்திய வைரஸ்கள். சோப்பும் சானிட்டைசரும் அதைக் கரைத்தால் கதை முடிந்தது. பார்வோவுக்குப் போர்வையே கிடையாது. 60 புரதத் துண்டுகள் இறுகிய ஓடு, உள்ளே சுமார் 5,000 எழுத்து நீள டிஎன்ஏ, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் 50,000 வரிசைகட்டி நிற்கும். தன்னைப் படியெடுக்கும் கருவிகூடச் சொந்தமாக இல்லாததால், வேகமாகப் பெருகும் செல்களாகப் பார்த்துப் புகுகிறது. வளரும் குட்டியின் குடலும் எலும்பு மஜ்ஜையும் அதற்குத் தோதான இடங்கள். இத்தனை ஏழையான இது, வீட்டுக்குள் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கும்!

இதன் ஓட்டைச் சிதைப்பது குளோரின். பேரூராட்சி ஆட்கள் சாக்கடையோரம் தூவுகிற பிளீச்சிங் பவுடர்தான். 1799-ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் துணி வெளுக்கக் காப்புரிமை வாங்கிய சரக்கு. புதுப் பவுடர் லிட்டருக்கு 5 கிராம் போதும். பிரித்துவைத்த பொட்டலம் மதுரை வெயிலில் சீக்கிரமே வீரியம் இழக்கும். அழுக்கு இருந்தால் குளோரின் அதனோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். ஆகவே முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு கரைசலை ஊற்றி, 10 நிமிடம் தரை காயாமல் பார்த்துக்கொண்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். கழிவறை ஆசிட்டை இதில் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஃபினாயில் வேண்டவே வேண்டாம்: பூனையின் ஈரலுக்குப் பீனாலைச் சரிவர வெளியேற்றத் தெரியாது, பாதத்தை நக்கினாலே விஷம் ஏறும்.

டைல்ஸ், சிமெண்ட் தரைக்கு இது சரி. சாணி மெழுகிய தரையிலும் மண் முற்றத்திலும் குளோரின் தோற்றுப்போகும். குட்டி படுத்த பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடுவதே மேல்.

செருப்பையும் மறக்கக் கூடாது; தெருவில் மிதித்த நாய்க் கழிவோடும் கிருமி வீட்டுக்குள் வரலாம். பூனை வைரஸை ஒத்த ஒன்று சற்றே உருமாறி நாய்க்குத் தாவி, 1978 வாக்கில் உலகையே சுற்றிவந்தது. 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலும் பதிவானது. அதன் இன்றைய வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை.

அதனால், கழுவிய வீட்டிலும் ஊசி போடாத குட்டியை விடக் கூடாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை தடுப்பூசி. தாய்ப்பால் தந்த எதிர்ப்பொருளே முதல் ஊசியைப் பலிக்கவிடாமல் செய்யலாம் என்பதால்தான் இத்தனை தடவை.