ஊருக்குப் புதியோரும் ஊர்த்தொண்டும்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கு நேரும் குறைகளுள் பெரியது வீடின்மை அன்று. வருவாய்க் குறைவும் அன்று. தெருவில் நடக்குங்கால் பெயர் சொல்லி அழைத்து நலம் உசாவ ஒருவரேனும் இல்லாமையே அது. சித்தூரிலும் திருப்பதியிலும் உத்தியோகம், வாணிகம், கைத்தொழில் ஆகியவற்றை முன்னிட்டுக் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இக்குறையைப் போக்கவே நாம் சங்கம் கண்டோம். பொங்கல் விழாவும் நாடகமும் நடத்தி மகிழ்கிறோம். எனினும், நம்மவர் நம்மவரோடு கூடுவதனால் மட்டும் நாம் வாழும் ஊர் நம் ஊர் ஆகிவிடுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இதற்கு விடை காண, இவ்விரு நகரங்களிலும் இயங்கிவரும் ரோட்டரி, லயன்ஸ் எனும் தொண்டுச் சங்கங்களைச் சற்றே நோக்குதல் பயன் தரும்.

ரோட்டரி சங்கம் ஊருக்குப் புதியவர் ஒருவரின் தனிமையிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்க நாட்டின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த பால் ஹாரிஸ் என்பார், 1896ஆம் ஆண்டில் சிகாகோ மாநகரில் வழக்கறிஞர் தொழில் நடத்த வந்தார். அங்கே மக்கள் திரளுக்குக் குறைவில்லை, நட்பிற்கே குறைவு. 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் வேறு மூவரோடு கூடிப் பேசினார். ஒருவர் பணியிடத்தில் ஒரு முறை, மற்றொருவர் பணியிடத்தில் மறு முறை எனச் சுழன்று கூடியமையால் அக்கூட்டத்திற்கு 'ரோட்டரி' என்னும் பெயர் அமைந்தது. வெவ்வேறு தொழிலினரை ஒருங்கு சேர்த்தலே அவர்தம் நோக்கம். இரண்டே ஆண்டுகளில், தமக்குள் கூடி மகிழ்வது மட்டும் போதாது எனக் கண்டு, நகரில் பொதுக் கழிப்பிடங்கள் அமைவதற்கு முயன்றனர். கழிப்பிடமா என்று நாம் நகைத்தல் வேண்டா. ஊருக்கு எது இன்றியமையாததோ அதனைச் செய்வதே தொண்டு. செய்வோர்க்குப் பெருமை தருவதைச் செய்வது அன்று.

லயன்ஸ் எனும் அரிமா சங்கமும் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்பாரால் 1917ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. 1925ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் மாநாட்டில், கண்ணும் செவியும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார் எழுந்து, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு அவர்களை வேண்டினார். ஊர்தோறும் அரிமா சங்கத்தார் கண் சிகிச்சை முகாம் நடத்துவதன் வேர் அங்கே உள்ளது.

கண் முகாமில் இத்தகைய சங்கம் செய்யும் வேலை யாது? மருத்துவம் செய்வோர் மருத்துவரே, சங்கத்தார் அல்லர். 1976ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், ஏழைகட்கு இலவச சிகிச்சை அளித்தார். அந்நிறுவனத்தின் மருத்துவமனை இன்று திருப்பதியிலும் உள்ளது. ஆனால், சிகிச்சை இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் கிராமத்து மூதாட்டி வந்துவிடுவாளா? பேருந்துக் கட்டணம் எங்கே? துணைக்கு வருபவரின் ஒரு நாட்கூலி என்னாவது? கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடும் என்னும் அச்சத்தை நீக்குவோர் யார்? இங்கேதான் உள்ளூர்ச் சங்கம் முன் வருகின்றது. பள்ளிக்கூடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் அறிவிப்பதும், வந்தோரை வரிசைப்படுத்தி உணவளிப்பதும் அதன் வேலை. கண்புரை கண்டவர்களை வண்டியேற்றி மருத்துவமனைக்கு அனுப்பி, மீண்டும் ஊர் சேர்ப்பதும் அதன் வேலையே. மருத்துவமனை ஒரு கரை. மூதாட்டி மறு கரை. இடையே பாலமாவது சங்கம்.

போலியோ நோயை ஒழித்த வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ரோட்டரி சங்கம் 1985ஆம் ஆண்டில் இப்பணியை உலகளாவிய நோக்கமாக மேற்கொண்டது. 1995ஆம் ஆண்டு டிசம்பரில் நம் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் திட்டம் தொடங்கியது. அரசு மருந்தளித்தது, செவிலியர் வழங்கினர், சங்கத்தார் பந்தலிட்டனர், வீடு வீடாகச் சென்று தாய்மாரை அழைத்தனர். இதில் நாம் மறவாது கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மிக எளிதில் விடுபட்டுப் போகக் கூடியவை, செங்கற் சூளைகளையும் கட்டட வேலைகளையும் நாடி இடம் பெயர்ந்து செல்லும் குடும்பத்துக் குழந்தைகளே. ஆதலின் புகைவண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் வழிப்போக்கர் குழந்தைகட்கும் மருந்து புகட்டப் பெற்றது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹவுரா மாவட்டத்துக் குழந்தையொன்றுக்கு வந்ததே இந்நாட்டின் இறுதி நோய்க்குறி. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியாவை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப் பெற்றது. நம்மைப் போல் ஊர் மாறி வந்தோரின் பிள்ளைகளையும் தேடிச் சென்று எண்ணிக்கையில் சேர்த்ததனாலன்றோ அவ்வெற்றி கைகூடியது!

இனி, குறைகளையும் கூறல் நேர்மை. இச்சங்கங்களின் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்குகின்றது. தலைவர் பதவியும் பெரும்பாலும் ஓராண்டுக்கே. சென்ற தலைவர் வைத்த தண்ணீர்த் தொட்டியை வரும் தலைவர் கவனியாமல் விடுதல் எவ்வூரிலும் நிகழக் கூடியதே. பெயர் பொறித்த பலகை நிற்கும். குழாயில் நீர் நில்லாது. மேலும், இவற்றின் சந்தாவும் விருந்துச் செலவும் நம் போன்ற குமாஸ்தாக்களின் கைக்கு எட்டுவன அல்ல. பெண்டிர்க்கும் நெடுங்காலம் கதவடைத்திருந்தனர். அரிமா சங்கம் 1987இலும் ரோட்டரி 1989இலுமே அதனைத் திறந்தன. ஆயினும், முகாம் நாளன்று கை கொடுத்து உழைக்க உறுப்பினர் சீட்டு எதுவும் வேண்டுவதில்லை.

நம்மால் இயல்வது யாது? நம் இடத்தின் வரலாறே விடை கூறும். 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆவதற்கு முன் சித்தூர் வடார்க்காட்டின் தலைநகராய் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைகள் மாறின; வீடுகளில் பேசும் மொழி எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடவில்லை. காட்பாடியினின்று சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியே திருப்பதி செல்லும் வண்டியில் ஏறினால் இரு மொழியும் ஒரே பெட்டியில் ஒலிப்பதை எவரும் கேட்கலாம். இரு மொழியும் அறிந்தவர் நாம். முகாமில் தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கும் தெலுங்கு பேசும் செவிலியருக்கும் இடையே நின்று, 'இந்தச் சொட்டு மருந்தை எத்தனை வேளை விட வேண்டும்' என்று தெளிவுற எடுத்துரைப்பது சிறு உதவி போல் தோன்றும். பிழையாக விளங்கிக்கொண்டவரின் கண்ணுக்கோ அது பேருதவி. படிவம் நிரப்புதல், வேலூருக்கோ திருப்பதிக்கோ சிகிச்சைக்குச் செல்வோர்க்கு வண்டி நேரம் சொல்லி அனுப்புதல், நம் இல்லத்துப் பெண்மணிகள் பெண் நோயாளிகளுக்குத் துணையிருத்தல் ஆகிய இவையெல்லாம் பொருட்செலவின்றி இயல்வன.

நம் சங்கம் தாய்மொழியைப் பேணுக. விழாக்களையும் குறைவின்றி நடத்துக. அவற்றோடு, ஆண்டிற்கு ஒரு நாளேனும் உள்ளூர்த் தொண்டுச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து உழைப்பது எனத் தீர்மானம் நிறைவேற்றுவோமாக. அடுத்த பொதுக்குழுவில் இக்கருத்தை அன்பர்கள் ஆராய வேண்டுகிறோம். ஓரூரில் எத்தனை ஆண்டு குடியிருந்தோம் என்பது வாடகைச் சீட்டுக்கு உரிய கணக்கு. அவ்வூரார்க்கு எத்தனை முறை பயன்பட்டோம் என்பதே நம்மை அவ்வூரார் ஆக்கும் கணக்கு.