கழிவுநீர்க் கசடும் நுண்பிளாஸ்டிக்கும்

நகரத்துக் கழிவுநீரில் கலந்துவரும் பிளாஸ்டிக் துணுக்குகளைக் குறித்துப் பேசுவோர், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரையே பெரிதும் எண்ணிக் கவலைப்படுகின்றனர். உண்மையில் அத்துணுக்குகளில் மிகப் பெரும்பகுதி நீரோடு செல்வதில்லை. அடியில் படியும் கசட்டில் தங்கிவிடுகிறது. தூய்மை செய்தல் என்று நாம் சொல்வது, இப்பொருளைப் பொறுத்தவரை, இடமாற்றமே ஆகும். எனவே கசட்டுக்குள் நிகழ்வதையே இங்கு நோக்குவோம்.

5 மில்லிமீட்டருக்கும் சிறிய துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்பர். பாலியெஸ்டர் ஆடைகளைத் துவைக்கையில் உதிரும் இழைகளும் இவற்றுள் அடங்கும்.

கசடு, காற்றுப் புகாத பெருங்கலன்களில், பொதுவாக 35 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில், மூன்று வாரமளவு வைக்கப்படுகிறது. அங்கே நுண்ணுயிர்களின் ஒரு கூட்டம் கொழுப்பையும் புரதத்தையும் உடைத்துக் கரைக்கிறது. அடுத்தது அவற்றை அமிலங்களாக்குகிறது. மற்றொன்று அவ்வமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. இறுதிக் கூட்டம் மீத்தேன் வாயுவைத் தருகிறது. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவு. முதற்படியில் தடை நேர்ந்தால் கடைசிக் கூட்டம் பட்டினி கிடக்க நேரிடும். சென்னை கொடுங்கையூர் போன்ற நிலையங்களில் இவ்வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு வந்துள்ளது என்பதால், இது வெறும் ஆய்வுக்கூடத்துச் செய்தியன்று.

சிட்னித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கசட்டின் ஒரு கிராம் திடப்பொருளுக்கு 20 முதல் 60 வரை பி.வி.சி. துணுக்குகள் சேர்த்தபோது, மீத்தேன் உற்பத்தி இயல்பான அளவில் ஏறத்தாழ 76 முதல் 91 விழுக்காடாகக் குறைந்தது. 10 துணுக்குகள் மட்டும் சேர்த்தபோதோ, சுமார் 6 விழுக்காடு கூடியது! துணுக்கே நுண்ணுயிரைக் கொல்கிறது எனக் கருதுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். குற்றவாளி பிளாஸ்டிக்கின் உடலன்று, அதிலிருந்து கசியும் பிஸ்பினால்-ஏ என்னும் வேதிப்பொருள் என்று அவர்கள் கண்டனர். அது முதலிரு படிகளையே முடக்குகிறது.

பாலிஎத்திலீனின் கதை வேறு. 60 துணுக்குகள் வரை குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 100, 200 என உயர்த்தியபோது மீத்தேன் 12 முதல் 27 விழுக்காடு வரை குறைந்தது. இங்கு காரணம் கசிவன்று. துணுக்குகளால் தூண்டப்பட்டு உருவாகும், உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள். நைலான்-6 வகையிலோ, அதிலிருந்து கசியும் கேப்ரோலாக்டம் மீத்தேனைக் கூட்டியதாகவும் ஓர் ஆய்வு உண்டு. ஆகவே ‘பிளாஸ்டிக்’ என்ற ஒரே பெயரால் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு வழங்க இயலாது. சோதனைகள் பலவும் புதிய, ஒரே வகைத் துணுக்குகளைக் கொண்டு சிறு கலன்களில் நடந்தவை. சாக்கடையில் வருவனவோ வெயிலிலும் நீரிலும் பழுதுற்ற கலவை. இவ்வேறுபாட்டை மறந்து விழுக்காடுகளை ஒப்புவிப்பது அறிவியலாகாது என்பது நம் கருத்து.

வாயு குறைந்தால் ஆற்றல் மட்டும் குறைவதில்லை. செரிக்காத கசடும் மிகுதியாக எஞ்சுகிறது. துணுக்குகளோ அக்கலனில் செரிப்பதே இல்லை. பல நாடுகளில் செரித்த கசடு வயலுக்கு எருவாகிறது. சாக்கடையில் பிடிபட்ட பிளாஸ்டிக், அந்த எருவோடு மண்ணுக்குச் சென்று சேர்கிறது.